அவலாஞ்சி மீன் குஞ்சுகள்

கேள்வி: ஊட்டி அவலாஞ்சியில் அரசே டிரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சு பொரிக்கிறதாமே, எதற்கு? மீன் தானாகப் பெருகாதா?

பதில்: அணையின் தேங்கிய நீரில் டிரவுட் முட்டையிடாது, அதற்குக் கூழாங்கல் கிடக்கும் குளிர்ந்த ஓடை வேண்டும். ஓடையிலும் பிழைப்பது கொஞ்சம்தான். அதனால் பண்ணையில் மனிதர்தான் மருத்துவச்சி! சினை மீனை ஈரத்துணியால் பிடித்து, வயிற்றை மெல்ல நீவினால் ஆரஞ்சு நிற முட்டைகள் சட்டியில் பொலபொலவென்று விழும். ஆண் மீனின் விந்தைப் பீய்ச்சிக் கலந்து, ஓடும் குளிர்நீரில் தட்டுகளில் வைப்பார்கள். முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தால் சரி, கண் வந்துவிட்டது என்று பொருள். அப்புறம் குஞ்சு பொரிந்து, ஓரளவு வளர்ந்ததும் நீர்நிலைகளில் விடுவார்கள்.

வெள்ளைக்காரத் துரைகளின் தூண்டில் ஆசைக்காக 1907-இல் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் தொடங்கி வைத்த வேலை இது. இங்கே வளர்க்கும் வானவில் டிரவுட்டின் பூர்வீகம் அமெரிக்க மேற்குக் கரை. நம் ஓடைகளின் சிறு மீன்களை அது விழுங்குவதைத்தான் யாரும் கேட்பதில்லை.