டிமான்டி காலனிக்கு ராத்திரியில் போகலாமா?

கேள்வி: சென்னை ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியில் பேய் நடமாட்டம் இருப்பது உண்மையா? நண்பன் அனுப்பிய வீடியோவில் பாழடைந்த வீட்டின் கதவு தானாகத் திறக்கிறது. அமாவாசை ராத்திரியில் நாலைந்து பேர் போய்ப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறோம்.
- கல்லூரி மாணவர், வேளச்சேரி

பதில்: போகாதீர்கள். பேய் அடித்துவிடும் என்று சொல்லவில்லை. அங்கே பேய் கிடையாது. மனிதர்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் தூங்குகின்றன, காவலுக்கு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். நடுராத்திரியில் பைக்கை முறுக்கிக்கொண்டு, செல்போன் டார்ச்சை ஜன்னல்களில் அடித்துக்கொண்டு வருகிற கூட்டம்தான் அவர்களுக்குத் தொல்லை. 2015-ல் அந்தத் தெருவின் பெயரிலேயே ஒரு பேய்ப் படம் வந்து ஓடியதும் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது.

அந்தக் கதவு விஷயத்துக்கு வருகிறேன். ஆள் புழங்காத பழைய வீட்டில் மரக்கதவு மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். கீல் துருப்பிடித்து, கொண்டி கழன்றிருந்தால் லேசான காற்று போதும். கூரைமேல் 'ஆள் நடக்கிற சத்தம்' கேட்டால் அநேகமாக மரநாயாக இருக்கும். சென்னையில் பழைய மரங்கள் உள்ள பகுதிகளில் அது சகஜம். கூகை ஆந்தையை ராத்திரியில் நேருக்கு நேர் பார்த்திருக்கிறீர்களா? இதய வடிவில் வெளுத்த முகம். தலைக்கு மேல் பறந்தாலும் இறக்கைச் சத்தம் கேட்காது. திடீரென்று அது கிறீச்சிட்டால் தைரியசாலிக்கும் அடிவயிறு கலங்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு செத்த மனிதரின் பெயரை வைக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காலனிக்குப் பெயர் தந்த ஜான் டி மான்டி போர்த்துகீசிய வணிகர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸில் பெரும் சொத்து சேர்த்தவர். 1808-ல் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில் கார்மேல் மாதா ஆலயத்தைக் கட்டியவர். 1821-ல் காலமானார், அடக்கம் செய்யப்பட்டதும் அந்த ஆலயத்தில்தான். சொத்தை தர்ம காரியங்களுக்காக மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு எழுதிவைத்தார். காலனி இருக்கும் இடமும் அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளைச் சொத்துதான். அப்படிப்பட்ட சொத்தை நினைத்த மாத்திரத்தில் விற்கவும் முடியாது, இடித்துக் கட்டவும் முடியாது. நகரத்தின் நடுவில் வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாவதற்கு ஆவி தேவையில்லை. வாரிக் கொடுத்தவரை இருநூறு வருஷம் கழித்துப் பேயாக்கி வைத்திருக்கிறோம்.

அவர் மனைவியையும் விடவில்லை. அந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அதனால் இன்னும் அங்கே அலைகிறார் என்பது கதையின் முக்கியமான பகுதி. மனநோய் வந்த பெண் என்றால் செத்தபின் பேயாகத்தான் திரிய வேண்டுமா? உங்கள் வகுப்பிலேயே வீட்டில் அம்மாவையோ அக்காவையோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர்கள் இருக்கக்கூடும். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அவர்கள் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

பெசன்ட் நகர் புளூ கிராஸ் சாலையையும் இதே பேய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மரங்கள் அடர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் எந்தச் சாலையும் இருண்டுதான் கிடக்கும். வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண், இருட்டுத் தெருவில் பயப்படுவது பின்னால் வருகிற ஆளுக்கு. 'அங்கே பேய் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால், ஏன் விளக்கு எரியவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

டி மான்டியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் பகலில் கோவளத்துக்கு பஸ் ஏறுங்கள். நண்பர்களோடு ராத்திரி சுற்ற ஆசை என்றால் வேளச்சேரியிலேயே சுற்றுங்கள். எரியாத தெருவிளக்குகளைக் குறித்துக்கொண்டு, கம்ப எண்ணோடு மாநகராட்சியின் 1913-க்கு போன் போட்டுப் புகார் கொடுங்கள்.