பழகின கை பட்டறையில் நிற்க வேண்டுமானால்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் மோட்டார் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். 6 பேர் வேலை பார்த்தார்கள். நன்றாகப் பழகிய 2 பேர் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். ஒருவர் திருப்பூருக்கு, ஒருவர் சிங்கப்பூருக்கு. 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தும் நிற்கவில்லை. இனி வருபவர்களிடம் 3 வருடத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கலாமா?

பதில்: பத்திரம் வேண்டாம். கொடுத்த முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் நிறுத்துவது, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பதும் தவறு. என் பட்டறையில் ஒரு பையனின் ஐ.டி.ஐ. சான்றிதழை நான் அப்படி வைத்திருந்தேன். அவன் அம்மா வாசலில் வந்து நின்று கேட்ட நாளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் ஆட்கள் எந்த மாதத்தில் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையாக இருக்கும் என்பது என் கணிப்பு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவைக்கு நாற்றுவிடும் நாட்களில் போர்வெல் மோட்டார்கள் இரவு பகலாக ஓடும். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போனாலும் காயில் கருகும். பட்டறையில் கால் வைக்க இடமிருக்காது. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் அத்தனையும் நின்றுவிடும். மோட்டாருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அந்த 2 மாதம் எதை வைத்து வீட்டை ஓட்டுவார்?

அதனால் பாதி மாதச் சம்பளம், பாதி மோட்டார் கணக்கு என்று மாற்றுங்கள். மழை மாதத்துக்கான வேலையை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். தை அறுவடை நெல் வருவதற்கு முன் ரைஸ்மில்காரர்கள் மோட்டாரைப் பிரித்துப் பேரிங் பார்த்து வைத்துக்கொள்வது அவர்களுக்கும் நல்லது. புரட்டாசியிலேயே போய்ப் பேசிவிடுங்கள்.

அடுத்தது, இதைவிட முக்கியமானது: வேலை கற்றுக்கொடுப்பது. பெரும்பாலான பட்டறைகளில் புதுப் பையன் ஒரு வருடம் கருகிய கம்பியை வெட்டி இழுத்து, ஸ்டேட்டரை (கம்பி சுற்றியிருக்கும் சுழலாத பாகம்) சுரண்டிக்கொண்டே இருக்கிறான். வெட்டுவதற்கு முன் ஸ்லாட்டுக்கு (கம்பி உட்காரும் பள்ளம்) எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்), எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் பாய்கிறது என்று எண்ணிக் குறிக்கும் வேலையை மேஸ்திரி தன் நோட்டிலேயே வைத்துக்கொள்கிறார். அந்த நோட்டை முதல் மாதமே பையன் கையில் கொடுங்கள். அவன் எண்ணட்டும், நீங்கள் சரிபாருங்கள். 6 மாதத்தில் ஒரு சின்ன மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) தனியாகக் கட்டி, வார்னிஷ் விட்டு, கரண்ட் கசிகிறதா என்று மெகர் கருவி வைத்துப் பார்த்து அவனே விவசாயியிடம் ஒப்படைக்கட்டும். “தம்பி, நீ கட்டினதா?” என்று அவர் ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தப் பையன் நிமிர்ந்து நிற்பான். ஒவ்வொரு படி ஏறும்போதும் சம்பளம் எவ்வளவு கூடும் என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

மீதி 4 பேர் இருப்பதால் அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர் எடுக்கலாம். அதற்கான தேசிய அப்ரெண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிந்தால் உதவித்தொகையில் கால் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. பக்கத்து ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) குறைந்தது 10 பேர் இருந்தால்தான் கட்டாயம் என்பதால் உங்கள் ஆட்களுக்கு அது இருக்காது. கரண்டோடு புழங்குகிற வேலை இது. வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு பிரதமர் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. எல்லோருக்கும் இந்த வாரமே போட்டுவிடுங்கள், பணம் உங்களுடையதாக இருக்கட்டும்.

சிங்கப்பூர் போனவரை விட்டுவிடுங்கள். அந்தச் சம்பளத்தோடு நாம் போட்டி போட முடியாது. திருப்பூர்க்காரர் பொங்கலுக்கு ஊருக்கு வருவார். நீங்களே அவர் வீட்டுக்குப் போய் மாதச் சம்பளக் கணக்கைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்த 40,000-ஐப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.