முற்றத்தை மூடலாமா, ஆச்சி?

பருவம்: வாசகர் கேள்வி பதில்

வெயில், மழை, பருவநிலை மாற்றம் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், காரைக்குடிக்காரி. பதில் புரியாவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

*கானாடுகாத்தான் வாசகி: எங்கள் பழைய வீட்டு முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டு, வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்கு ஏசி மாட்டிவிடலாம் என்கிறான் சிங்கப்பூரில் இருக்கும் மகன். அவன் அப்பச்சிக்கு, அதாவது என் கணவருக்கு, எழுபத்தெட்டு வயது. மே மாதம் தாங்க முடியவில்லை என்பதும் உண்மை. என்ன செய்யலாம், ஆச்சி?*

முற்றத்தை மூடாதீர்கள். ஏசி பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இது.

பகலெல்லாம் வீட்டுக்குள் சேர்கிற சூடு, மேலே எழும்பும் காற்றோடு அந்தத் திறப்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்த இடத்துக்கு முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் காற்று உள்ளே வருகிறது. வாசல் முதல் பின்கட்டு வரை நிலைகள் ஒரே நேராக இருப்பதால் தடையில்லாமல் வருகிறது. கனத்த செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். இரவில் திறந்த வானத்தைப் பார்த்து முற்றம் குளிரும்போது அந்தச் சூடும் வெளியேறும். ஷீட் போட்டால் வெயில் உள்ளே இறங்கும், சேர்ந்த சூட்டுக்கு வெளியே போக வழியிருக்காது. கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து அண்டாவில் நிறைந்து, மிச்சம் வடிகால் வழியே ஊரணிக்குப் போகும்படி நம் ஊர்களை அமைத்தார்களே, அதுவும் அடைபட்டுப்போகும். குரங்குத் தொல்லை, திருட்டுப் பயம் என்றால் இரும்புக் கிராதி போதும். கோடையில் பகலுக்கு மட்டும் பச்சை வலை கட்டி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடுங்கள்.

ஆனால் ஏசியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எழுபத்தெட்டு வயது உடம்புக்கு இரவுச் சூடு ஆபத்து. பகலில் பட்ட சூட்டிலிருந்து தேற அதற்கு நேரமே கிடைப்பதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. ஆகவே கதவு நன்றாகச் சாத்துகிற ஒரு சின்ன அறைக்கு மட்டும் ஏசி போடுங்கள். உங்கள் கணவர் அங்கே தூங்கட்டும்.

வாங்கும்போது நட்சத்திரக் குறியை மட்டும் பார்க்காமல், பெட்டியின் பக்கத்தில் குளிர்விக்கும் வாயு எது என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆர்-410ஏ என்றால், அதில் ஒரு கிலோ கசிந்தால் நூறு ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூட்டைப் பிடித்துவைக்கும். ஆர்-32 என்றால் ஏறத்தாழ 675 கிலோ. ஆர்-290 என்பது புரொப்பேன், அதன் கணக்கு மிகச் சொற்பம்; ஆனால் தீப்பற்றும் என்பதால் பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் தொடவேண்டும். எந்த வாயுவாக இருந்தாலும் 'பழைய கேஸை வெளியே விட்டுட்டுப் புதுசா அடிச்சுடறேன்' என்று சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இந்த வாயுக் கணக்கை உலகத்துக்கு முதலில் சொன்னவர் ஒரு தமிழர். வீரபத்ரன் ராமநாதன் 1944-இல் சென்னையில் பிறந்தவர். பொறியியல் படித்தது சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். உங்கள் கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய அதே பல்கலைக்கழகம். படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. குளிர்விக்கும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் பொறுப்புகளில் ஒன்று. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. 1975-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்துக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலியது என்று காட்டினார். கரியமில வாயு ஒன்றையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த வாயு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது என்று தெரிந்து, 1987-இல் அதைக் குறைக்க மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அதற்கு மாற்றாக வந்த எச்எஃப்சி (ஹைட்ரோஃபுளோரோகார்பன்) வாயுக்கள், மேலே சொன்ன ஆர்-410ஏ, ஆர்-32 போன்றவை, ஓசோனை விட்டுவைத்தன, பூமியைச் சூடாக்கின. அவற்றைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2032-இல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 சதவீதம் குறைக்கவேண்டும். உலக நாடுகள் கூடிப் பேசி ஒன்றும் நடப்பதில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் மான்ட்ரியலைத்தான் காட்டுவேன்: ஓசோன் படலம் மெல்லத் தேறிவருகிறது. உங்கள் மகனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், முற்றத்தை விட்டுவிடுவான்.

*திருப்பத்தூர் வாசகர்: 'நாளை முதல் சிவகங்கை மாவட்டத்தில் 50 டிகிரி, யாரும் வெளியே வரவேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?*

நம்பாதீர்கள், அனுப்பாதீர்கள். இந்தியாவில் பதிவான உச்சமே 51 டிகிரி. ராஜஸ்தானின் பலோடியில், 2016 மே 19 அன்று. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினாலோ, 45 டிகிரியையே தொட்டாலோதான் வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை என்று அறிவிக்கும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கையும் தரும். அதைப் பாருங்கள்.

சரியான எச்சரிக்கை உயிர் காக்கும். 2010 மே மாத வெப்பத்தில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன்பிறகுதான் 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது. தெற்காசியாவில் அதுவே முதல். முன்கூட்டியே எச்சரிப்பது, மருத்துவமனைகளைத் தயார்ப்படுத்துவது, தண்ணீர்ப் பந்தல் வைப்பது என்று எல்லாமே எளிய காரியங்கள். பொய்ச் செய்தியை நாலு முறை பார்த்தவர் ஐந்தாவதாக வரும் உண்மையான எச்சரிக்கையைத் தட்டிவிடுவார். என் கவலை அதுதான்.

*தேவகோட்டை வாசகர்: வெள்ளம் வந்தாலும் பருவநிலை மாற்றம், வறட்சி வந்தாலும் பருவநிலை மாற்றம். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னால் எப்படி நம்புவது? டிவியில் ஒருவர் உண்டு என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார்.*

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்கிறவரை நீங்கள் நம்பவேண்டியதில்லை. விஞ்ஞானிகளும் அப்படிச் சொல்வதில்லை.

2015 டிசம்பர் 1 சென்னை வெள்ளத்தை மறந்திருக்கமாட்டீர்கள். தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. ஊடகங்கள் உடனே பருவநிலை மாற்றம் என்றன. கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க் என்ற டச்சு விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பழைய மழைப் பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் வைத்து ஆராய்ந்தார்கள். புவி சூடானதால் அந்த மழை கூடியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2016-இல் வெளியிட்டார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி மற்ற கடல்கள் அளவுக்குச் சூடாகியிருக்கவில்லை. காற்றிலுள்ள புகையும் தூசும் வெயிலை மறைத்தது காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். இதே வான் ஓல்டன்போர்க்தான் ஃபிரிடரிக்கே ஓட்டோ என்ற ஜெர்மன் விஞ்ஞானியோடு சேர்ந்து, பேரிடர்களில் பருவநிலை மாற்றத்தின் பங்கை அளக்கும் குழுவைத் தொடங்கியவர். இல்லை என்று வந்த முடிவை அவர் மறைக்கவில்லை.

அவர்கள் செய்வது இதுதான். இப்போதைய உலகத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள், மனிதர் சூடாக்காத உலகத்தையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரே அளவு மழையோ வெயிலோ இரண்டிலும் எத்தனை முறை வருகிறது என்று ஒப்பிடுகிறார்கள். 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்பத்துக்கு, அதன் வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருக்கிறது என்று விடை வந்தது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்கு முன் கொட்டிய மழை சுமார் 10 சதவீதம் கனத்தது என்று வந்தது. ஒன்றுக்கு 30 மடங்கு, ஒன்றுக்கு 10 சதவீதம், ஒன்றுக்கு இல்லை. நான் இந்த அறிவியலை நம்புவதற்கு அந்த 'இல்லை'யும் ஒரு காரணம்.

இந்த முடிவுகள் வருவதற்குள் செய்திச் சேனல்கள் வேறு இடத்துக்குப் போய்விடுகின்றன. வெள்ளத்தன்று படகைக் காட்டுகிற பத்திரிகை, ஆய்வு வெளியாகும் நாளில் ஒரு பத்தியாவது போடவேண்டும்.

டிவியில் இருவரை எதிரெதிரே உட்காரவைப்பதுபோல இரு தரப்பையும் சமமாகக் காட்டுவது அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1988 முதல் 2002 வரை அங்கே முன்னணி நாளிதழ்களில் வந்த செய்திகளை ஆராய்ந்த பாய்காஃப் சகோதரர்கள், பாதிக்கும் மேற்பட்டவை இரு தரப்புக்கும் ஏறத்தாழச் சம இடம் கொடுத்தன என்று 2004-இல் காட்டினார்கள். ஆய்வாளர்களிடையே அப்படிப் பாதிக்குப் பாதி பிளவு இருந்ததே இல்லை. சமநிலை காட்டப்போய் உண்மையைச் சாய்த்துவிட்டார்கள். சமநிலைக்காக மறுப்பாளர் ஒருவரை அழைக்கத் தேவையில்லை என்று 2018-இல் பிபிசி தன் செய்தியாளர்களுக்கு எழுதியது. நம் சேனல்களும் இதைப் படிக்கவேண்டும். என்ன செய்யலாம் என்பதில் நூறு தரப்பு உண்டு. அதை விவாதிக்கட்டும், நானும் உட்கார்ந்து பார்ப்பேன்.

*பள்ளத்தூர் வாசகர்: இப்போது புகைவிடுவதில் இந்தியா மூன்றாம் இடம் என்கிறார்கள். பிறகு ஏன் அமெரிக்காவைக் குறைசொல்ல வேண்டும்?*

உங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஐந்தொகை தெரியும். இந்த வருடப் பற்று ஒன்று, பழைய பாக்கி சேர்த்த இருப்பு வேறு. சூட்டுக்குக் காரணம் இருப்பு. கரியமில வாயு நூற்றாண்டுகள் காற்றில் நிற்கும். ஹவாயின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் 280. 2024-இல் 424. இதுவரை மனிதர் விட்ட கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழக் கால்வாசி. இந்தியாவின் பங்கு மூன்று, நான்கு சதவீதம்தான். தலைக்கு என்று பார்த்தால் நாம் ஆண்டுக்குச் சுமார் 2 டன், அவர்கள் சுமார் 14.

ஆக, அதிகப் பாக்கி யாருடையது என்பதில் குழப்பமில்லை. 2024-இல் அசர்பைஜானின் பாகுவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது போதவே போதாது. ஆனால் நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. மின் நிறுவுதிறனில் (எல்லா மின்நிலையங்களும் முழுவீச்சில் ஓடினால் கிடைக்கும் அளவில்) பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது என்று 2025-இல் மத்திய அரசு அறிவித்தது, நல்ல செய்தி. ஆனால் நாம் உண்மையில் எரிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது.

*ஆத்தங்குடி வாசகி, வயது எழுபத்தொன்று: எங்கள் வயதுக்காரர்கள் என்ன செய்துவிட முடியும்?*

சுவிட்சர்லாந்தில் உங்கள் வயதுப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். வெப்ப அலையில் அதிகம் சாவது முதிய பெண்கள்தான், எங்களைக் காக்கும் அளவுக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று வழக்குப் போட்டார்கள். சொந்த நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார்கள், விடவில்லை. 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பசிபிக் தீவுகளில் சட்ட மாணவர்கள் தொடங்கிவைத்த கோரிக்கையை வனுவாட்டு அரசு சர்வதேச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலை 23 அன்று அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2024-இல், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று சொல்லியிருக்கிறது.

நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். மழை இனி குறைந்த நாட்களில் கொட்டித் தீர்க்கும். பிடித்துவைக்கக் கண்மாயும் ஊரணியும்தான் நமக்கு உண்டு. அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எது, எந்த இடத்தில் மண் மேவியது, எங்கே வேலி போட்டு அடைத்தார்கள் என்பதெல்லாம் இளைஞர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நாலு பேர் சேர்ந்து, பேரப்பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய் வரைபடமாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் அதைக் கொடுத்து, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து வரத்துக்காலைத் தூர்வாரவேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடியவேண்டும் என்றால் ஆகஸ்ட் கூட்டமே நல்லது.

*புதுவயல் பிளஸ் டூ மாணவி: பருவநிலை ஆராய்ச்சிக்குப் போக வெளிநாடுதான் போகவேண்டுமா?*

வேண்டாம் கண்ணு. காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது. சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் இரவுக்குச் சேமிக்க மின்கலம் வேண்டுமே, அந்த ஆய்வு அங்கே நடக்கிறது. அதன் தாய் அமைப்பான சிஎஸ்ஐஆரின் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐயொட்டிப் பள்ளி மாணவர்களை உள்ளே விடுவது வழக்கம். உங்கள் வேதியியல் ஆசிரியையிடம் இப்போதே சொல்லிவை, வகுப்போடு போகலாம்.