ஆயிரமும் ஆயிரத்து ஐந்நூறும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தேர்தல் வாக்குறுதிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 2021 மார்ச்சில் ஸ்டாலின் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்த மறுநாளே எடப்பாடி பழனிசாமி 1,500 ரூபாய் என்று அறிவித்ததைக் குறை கூறியிருந்தீர்கள். ஒரு கட்சி கூட்டிச் சொன்னால் மற்றொரு கட்சியும் கூட்டித்தான் சொல்லும். அந்தப் போட்டியால் ஏழைகளுக்கு நன்மைதானே? இதில் என்ன தவறு? இதைத் தடுக்கச் சட்டம் ஏதும் இருக்கிறதா?

ச., திருவாரூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

போட்டியால் நன்மை விளைந்ததுண்டு என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். 2006 தேர்தலில் கிலோ அரிசி 2 ரூபாய் என்று தி.மு.க. அறிவித்தபோது, அது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று முதலில் எதிர்த்த அ.தி.மு.க., பிறகு ரேஷனில் 10 கிலோ வாங்கினால் 10 கிலோ இலவசம் என்று தானும் ஒரு வாக்குறுதியைத் தந்தது. கருணாநிதி பதவியேற்ற மேடையிலேயே 2 ரூபாய் அரிசிக்கான உத்தரவில் கையெழுத்திட்டார்; 2008இல் அது 1 ரூபாயாகக் குறைந்தது; 2011இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரிசியை விலையின்றியே வழங்கினார். முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்றை, அப்படிச் சொன்ன தரப்பே ஐந்தாண்டுகளில் அதைவிடப் பெரிதாகச் செய்துகாட்டியது. ஆகவே எதிர்க்கட்சியின் நல்ல யோசனையை எடுத்துக்கொள்வதைக் குற்றமாக நான் கருதவில்லை.

2021இல் நடந்தது வேறு. மார்ச் 7ஆம் தேதி திருச்சிப் பொதுக்கூட்டத்தில் ஸ்டாலின் அறிவித்தார். 8ஆம் தேதி, மகளிர் தினத்தன்று, 1,500 ரூபாயும் ஆண்டுக்கு ஆறு சமையல் எரிவாயு உருளைகளும் தருவதாக முதல்வர் பழனிசாமி அறிவித்து, தங்கள் தேர்தல் அறிக்கையில் இருந்தது எப்படியோ கசிந்துவிட்டது என்று விளக்கமும் அளித்தார். தங்களைப் பார்த்து எழுதியது என்றது தி.மு.க. முதலில் யோசித்தது யார் என்பதிலேயே பேச்சு நின்றுபோனது.

தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் இருக்கின்றன. அட்டைக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாலே ஆண்டுக்கு 24,000 கோடி ரூபாய். 1,500 என்றால் 36,000 கோடி. ஒரே இரவில் கூடிய அந்த 12,000 கோடி எங்கிருந்து வரும் என்று தி.மு.க. கேட்டிருக்க வேண்டும், அந்த 24,000 கோடிக்கே வழி என்ன, எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டா, எந்த மாதத்திலிருந்து என்று அ.தி.மு.க. கேட்டிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் கருவூலத்தைக் கையில் வைத்திருந்த முதல்வர் அப்படிக் கேட்டிருந்தால் அதற்குத் தனி மதிப்பு இருந்திருக்கும். தானே அதைவிடப் பெரிய தொகையைச் சொல்லிவிட்டவரால் அதைக் கேட்க முடியாமல் போயிற்று.

கேட்கப்படாத அந்தக் கேள்விக்கான விடையைப் பெண்கள் 2023இல்தான் அறிந்தார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி திட்டம் தொடங்கியபோது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் வரம்புகள் இருந்தன. அப்போது பயனாளிகள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். வரம்பு வைத்ததை நான் தவறென்று சொல்லவில்லை. உண்மையில் அது தேவையும்கூட. ஆனால் முகாமில் வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுத்து, பிறகு நிராகரிப்புச் செய்தியைக் கைப்பேசியில் படித்த பெண்ணுக்கு, அந்த வரம்பை வாக்களிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. அதை அவருக்குப் பெற்றுத் தரும் கடமை எதிர்த்து நின்ற கட்சிக்கு இருந்தது. என் மனத்தாங்கல் இதுதான்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டின் இலவசத் திட்டங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், தேர்தல் அறிக்கையின் வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடவே, நெறிமுறைகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதியின் நியாயத்தையும் அதற்கான நிதியைத் திரட்டும் வழியையும் கட்சிகள் பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும் என்பது இன்று நடத்தை விதிகளின் ஒரு பகுதி. அடுத்த தேர்தலில் உங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியினராக இருந்தாலும், அந்த விதியைச் சொல்லிக் கணக்கைக் கேளுங்கள்; அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்