டார்ச்சை அம்மா கையில் கொடுத்தது யார்?

கேள்வி: எனக்கு 45 வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள், 72 வயது அம்மாவோடு தனி வீட்டில் இருக்கிறேன். சில மாதங்களாக ராத்திரியில் யார் யாரோ எங்கள் காம்பவுண்ட் சுவர் மேல் வந்து உட்காருகிறார்கள். காலையில் பாட்டிலும் சிகரெட் துண்டுமாகக் கிடக்கிறது. வாசலில் நிற்கும் காரை இரண்டு முறை திறந்து குடைந்திருக்கிறார்கள். கண்ணாடி உடையவில்லை. சில்லறை, சார்ஜர், கூலிங் கிளாஸ், ஒரு பை போயிற்று. இன்னொரு நாள் சைடு மிரரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சத்தம் கேட்டால் அம்மாதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அதட்டிவிட்டு வருவார், அவருக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை. நான்கு கேமரா வைத்தால் போதுமா? சுவர் மேல் கம்பி இழுத்து லேசாகக் கரண்ட் விடலாமா? நிம்மதியாகத் தூங்க வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் சைடு மிரருக்கு மட்டும் ஒரு பெரிய பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். புதிது வர எவ்வளவு நாளாயிற்று, நிறம் எப்படிச் சேரவில்லை என்றெல்லாம். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் போகிற போக்கில்.

அந்த வரியை நான் விடப் போவதில்லை.

நடு ராத்திரியில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களையும், காரைக் குடைய வந்தவனையும் எதிரே போய்ப் பார்ப்பது 72 வயதுப் பெண். 45 வயது மகன் உள்ளே படுத்திருக்கிறார். இதில் உங்களுக்கு எதுவும் உறுத்தவில்லை. ‘எப்படியும் தூக்கம் வருவதில்லை’ என்று காரணம் வேறு எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் வராதவர் எல்லாம் காவலுக்குப் போக வேண்டும் என்று எந்த வீட்டில் சட்டம்? அவருக்கு ஏன் தூக்கம் வருவதில்லை என்று ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா? எப்போது வாசலில் சத்தம் வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? முதுமை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது பயமாக இருக்கலாம்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. திருட்டு, தொல்லை, கேட் ஏறிக் குதித்தது என்று விஷயம் மாறும். ஒன்று மட்டும் மாறாது. வீட்டில் ஒருவர் எல்லோருக்குமான பயத்தையும் தனியாகச் சுமப்பார், மற்றவர்கள் ‘அது அவர் சுபாவம்’ என்று சொல்லிவிட்டுத் தூங்குவார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் வயதான பெண்ணாக இருப்பார். ‘சொன்னாலும் கேட்க மாட்டார்’ என்று நீங்களும் சொல்வீர்கள். அவருக்கு முன்னால் நீங்கள் எழுந்திருந்தால் அவர் ஏன் எழப் போகிறார்?

அவர் எழுந்து போகும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இருட்டில் டார்ச் பிடித்தவர் எங்கே நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வெளிச்சத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. காரைக் குடைய வருகிறவன் அடிதடிக்கு வருவதில்லை, ஓடத்தான் பார்ப்பான். ஆனால் அவன் ஓடுகிற வழியில், கேட்டுக்கும் அவனுக்கும் நடுவில் ஒருவர் நின்றால் தள்ளிவிட்டுத்தான் போவான். தள்ளக்கூட வேண்டாம், படியில் கால் இடறினாலே போதும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை. கூலிங் கிளாஸுக்காக இந்த விலையா?

ஆகவே முதல் ஏற்பாடு இது. இன்று முதல் சத்தம் கேட்டால் யாரும் வெளியே போகக் கூடாது. அம்மா மட்டுமல்ல, நீங்களும்தான். உள்ளே இருந்தபடியே எல்லா விளக்கையும் போடுங்கள். ஜன்னலிலிருந்து உரக்கக் குரல் கொடுங்கள். பல கார் ரிமோட்டில் ஹாரனை அலற வைக்கும் பட்டன் இருக்கும், படுக்கையில் இருந்தபடியே அழுத்தலாம். அப்புறம் போலீஸுக்குப் போன். வந்தவனுக்கு வேண்டியது இருட்டும் அமைதியும். இரண்டையும் உள்ளிருந்தே கெடுத்துவிட முடியும்.

இப்போது அந்தக் கரண்ட் கம்பிக்கு வருகிறேன். ‘லேசாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு மின்சாரத்தில் லேசு, பலம் என்று கிடையாது. முறையான மின்வேலிக் கருவி இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு கணம் மட்டும் அதிர்ச்சி கொடுக்கும்படி செய்யப்பட்டது. அதை வைக்கக்கூட விதிகள் இருக்கின்றன. பிளக்கிலிருந்து நேராக ஒயர் இழுத்துச் சுவரில் விட்டால் அது ஆளைக் கொல்லும். பீகாரில் ஒருவர் தன் வீட்டுக் கழிப்பறைக்கு வெளியாட்கள் வருவதைத் தடுக்கக் காப்புறை இல்லாத செம்புக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சி வைத்தார். தங்கள் கழிப்பறைச் சுவர் இடிந்து போனதால் அங்கே வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் அதில் பட்டு இறந்தார். அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதம் எடுபடவில்லை. கம்பி வைத்தவருக்குக் கிடைத்த தண்டனை சரியே என்று 1963-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி இல்லாமல் உள்ளே வந்தவர் என்பதற்காக ஒருவரைக் கொல்லும் கண்ணியை வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

சட்டத்தையும் விடுங்கள். உங்கள் சுவரில் கம்பி இழுத்துவிட்டீர்கள் என்றே வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, இருட்டில், கண்பார்வை மங்கிய நிலையில், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வழக்கமாகப் போய் நிற்பவர் யார்? கம்பியைப் பற்றி எழுதிய அதே பேனாவால்தான் டார்ச்சைப் பற்றியும் எழுதினீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றவே இல்லை. இதற்காகத்தான் உங்களிடம் கோபப்படுகிறேன்.

சரி, கார். இரண்டு முறையும் கண்ணாடி உடையவில்லை என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் கார் பூட்டாமல்தான் கிடந்திருக்கும். இந்த வேலை செய்கிறவர்கள் தெரு நெடுகக் கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள். திறந்தால் உள்ளே, திறக்காவிட்டால் அடுத்த கார். வீட்டில் கடைசியாகக் காரை எடுத்தது யார், பூட்டியது யார் என்று கேளுங்கள். ரிமோட்டை அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கும் பழக்கத்தை விட்டு, ஒரு முறை கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். ரிமோட்டின் சிக்னலைத் தடுக்கும் கருவியும் சிலரிடம் உண்டு.

சாவியைப் பையில் வைத்திருந்தாலே கதவு திறக்கும் வகைக் கார் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒருவன் உங்கள் வாசற்கதவுக்கு வெளியே ஆன்டெனாவோடு நின்று, உள்ளே மாட்டியிருக்கும் சாவியின் சிக்னலைப் பிடித்துக் கார் பக்கம் நிற்கும் கூட்டாளிக்குக் கடத்துவான். சாவி பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக் கார் திறந்துகொள்ளும். ஆகவே சாவியை வாசற்கதவுக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். சிக்னல் தடுக்கும் உறை ஒன்று வாங்கி அதில் போட்டு, படுக்கையறையில் வையுங்கள். வாங்கியதும் சோதித்துவிடுங்கள். சாவி உள்ள உறையோடு காருக்குப் பக்கத்தில் போய்க் கைப்பிடியை இழுங்கள். திறந்தால் அந்த உறை உதவாது. ஹாரனை அலற வைக்க வேண்டும் என்றால் உறையிலிருந்து வெளியே எடுத்துத்தான் அழுத்த வேண்டும், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்குள் எதுவும் இருக்கக் கூடாது. ‘மதிப்பில்லாத பைதானே’ என்பீர்கள், வெளியே நிற்பவனுக்கு அது தெரியாது. தொங்கும் சார்ஜர் ஒயரும், கண்ணாடியில் போன் ஸ்டாண்டு ஒட்டியிருந்த வட்டத் தடமும்கூட உள்ளே ஏதோ இருக்கும் என்று அவனுக்குச் சொல்லும். முன்பக்க டிராயரைக் காலி செய்து திறந்தே வைக்கலாம், பார்த்துவிட்டுப் போகட்டும். கேட் ரிமோட்டோ வீட்டுச் சாவியோ காரில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கிடந்தால், கார் திருடனுக்கு வீட்டுக் கதவையும் சேர்த்தே திறந்து வைத்திருக்கிறீர்கள். முதல் திருட்டிலேயே அப்படி ஏதாவது போயிருந்தால் பூட்டை மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சுவரில் உட்காருகிறவர்களும் காரைக் குடைபவனும் ஒரே ஆட்கள் என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. திருட வருகிறவன் பாட்டிலோடு உட்கார்ந்து நேரம் போக்குவதில்லை. உங்கள் சுவர் உட்கார வசதியாக, தெருவிளக்கு எட்டாமல், செடி மறைவில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வசதியை எடுத்துவிடுங்கள். செடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டுங்கள், மரக்கிளையை ஆள் உயரத்துக்கு மேல் கழியுங்கள். சுவரின் தட்டையான தலையைக் கொத்தனாரைக் கொண்டு இரு பக்கமும் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். சரிவில் யாரும் அதிக நேரம் உட்கார மாட்டார்கள். பாட்டில்களைக் காலையிலேயே பொறுக்கிவிடுங்கள். குப்பை கிடக்கிற இடத்தைக் கேட்பார் இல்லாத இடம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அதையும் மீறி வந்தால், யார் பிள்ளைகள் என்று விசாரித்துச் சாயங்கால நேரத்தில், அவர்கள் குடிக்காமல் இருக்கும்போது, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். ‘வீட்டில் வயதானவர் இருக்கிறார், தூக்கம் கெடுகிறது’ என்று சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள். மீதிப் பேருக்குப் போலீஸ் இருக்கிறது.

யார் பிள்ளைகள் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் அம்மாவுக்குத் தெரியும். இத்தனை மாதமாக நேரில் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். எந்தக் கிழமைகளில் வருகிறார்கள், எத்தனை பேர், எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், எந்த வண்டி நிற்கிறது என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை வைத்துப் புகார் கொடுங்கள். ‘சில்லறை போனதற்கெல்லாமா புகார்’ என்று கூச்சப்பட வேண்டாம். பதிவானால்தான் ரோந்து வரும்போது உங்கள் தெருவையும் பார்ப்பார்கள். மிரருக்கு இன்ஷூரன்ஸ் கேட்பதானாலும் புகார் நகல் தேவைப்படலாம். நாலு கேமரா வாங்க யோசித்த நீங்கள், வீட்டிலேயே இருக்கும் சாட்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேமரா இரண்டு போதும். ஒன்று கேட்டைப் பார்த்து, ஒன்று காரைப் பார்த்து. மாடி விளிம்பில் மாட்டினால் தொப்பியும் தலையும்தான் பதிவாகும். கேட் கேமரா முகம் தெரியும் உயரத்துக்கு வர வேண்டும், ஆனால் கைக்கு எட்டக் கூடாது. பக்கத்து வீட்டு ஜன்னல் அதில் விழக் கூடாது, விழுந்தால் புதிதாக ஒரு சண்டை. தேதி, மணி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே போகும், ஆகவே ஏதாவது நடந்தால் அன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள். கேமரா யாரையும் பிடித்து நிறுத்தாது. வந்துபோனதைக் காட்டும், அவ்வளவுதான்.

மிச்சமாகும் இரண்டு கேமரா காசை வெளி விளக்குக்குப் போடுங்கள். ஆள் நடமாட்டத்தில் எரியும் விளக்கு நல்லது. அதன் சென்சாருக்கு நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை நன்றாகத் தெரியும், மாட்டும்போது அதற்குத் தக்கபடி திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் கீழ் நோக்கி விழட்டும். கண்ணைக் கூச வைக்கும் விளக்குக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது சுலபம்.

அந்த விளக்குக்கு ஒரு சுவிட்சை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. சத்தம் கேட்டு அவர் சுவிட்சைப் போட்டால் உங்கள் அறையிலும் ஒரு மணி அடிக்கும்படி இணைப்புக் கொடுக்க முடியும், எலக்ட்ரீஷியனுக்கு அது பெரிய வேலை இல்லை. மணி அடித்தால் எழுந்து நேராக வாசலுக்கு ஓடாதீர்கள், அம்மாவின் அறைக்குப் போங்கள். போலீஸுக்குப் போன் செய்வதை அங்கே உட்கார்ந்தே செய்யலாம். எலக்ட்ரீஷியனை நாளைக்கே கூப்பிடுங்கள். அவர் வருகிற வரைக்கும் ஹாலில் நீங்கள் படுங்கள்.