கார் கேள்வி பதில்: டோர் பேடைக் கழற்றும் முன்

கேள்வி: என்னுடையது 14 வருடப் பழைய சின்ன கார், கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. டோர் பேடை (கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையை) நானே கழற்றிப் பார்ப்போம் என்று கண்ணில் பட்ட ஸ்க்ரூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், ஆனாலும் பேடு அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தால் உடைந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன் சார். என்ன செய்யலாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: விட்டது ரொம்ப நல்லது. பேடு அசையவே இல்லை என்றால் எங்கேயோ இன்னொரு ஸ்க்ரூவோ கிளிப்போ பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். கைப்பிடிக் குழியின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், சின்ன பிளாஸ்டிக் மூடி தட்டுப்பட்டால் அதற்குள் ஒன்று இருக்கும். கதவைத் திறக்கும் உள் ஹேண்டிலின் பின்னால் ஒன்று, சைடு மிரருக்கு நேர் உள்ளே இருக்கும் முக்கோண பிளாஸ்டிக்கை எடுத்தால் சில கார்களில் இன்னொன்று. லாக் குமிழ் பேடு வழியாக மேலே வருகிற கதவு என்றால் அதையும் சுற்றிக் கழற்ற வேண்டும்.

உங்கள் காரில் இன்னொரு விஷயம் இருக்கிறது, கண்ணாடி சுற்றும் வைண்டர். மாருதி 800 மாதிரியான கார்களில் இதற்கு ஸ்க்ரூ கிடையாது, பின்னால் குதிரை லாட வடிவத்தில் ஒரு கம்பி கிளிப்தான் பிடித்திருக்கும். பேடைக் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டு, வைண்டருக்கும் பேடுக்கும் நடுவே ஒரு பழைய பருத்தித் துணியை நுழைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே வந்தால் துணி கிளிப்பின் முனையில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். தெறித்து ஓடும், அதனால் இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். மாட்டும்போது கிளிப்பை முதலில் வைண்டரில் போட்டுவிட்டு அப்படியே தண்டில் வைத்து அழுத்தினால் போதும், டக்கென்று உட்காரும்.

அதற்கு அப்புறம்தான் பேடு. இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், கதவின் பெயின்ட் சுரண்டுப்படும், அங்கே துரு பிடிக்கும். நைலான் நெம்புகோல் இல்லையென்றால் பெயின்ட் கடையில் கிடைக்கும், பட்டி பூசுகிற பிளாஸ்டிக் தகடு போதும். கீழ் மூலையில் ஆரம்பியுங்கள். தகட்டை ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால், பேடைக் கதவோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் எங்கே இருக்கிறதோ அங்கே தடுக்கும், அதற்கு ஒட்டினாற்போல வைத்துத்தான் நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவில் பிடித்து இழுத்தால் கிளிப் கதவிலேயே நிற்க, பேடு கிழிந்து வரும், முக்கியமாகப் பழைய கார்களில் பேடின் முதுகு வெறும் ஹார்ட்போர்டு, ஈரம் பட்டு ஊறிப்போயிருந்தால் அந்த ஓட்டையே நொறுங்கிவிடும். அதிகாலைக் குளிரில் செய்யாதீர்கள், வண்டி வெயிலில் கொஞ்ச நேரம் நின்ற பிறகு செய்தால் பிளாஸ்டிக் இளகியிருக்கும்.

கிளிப் எல்லாம் விட்ட பிறகும் உங்களை நோக்கி இழுக்காதீர்கள். பேடின் மேல் விளிம்பு கண்ணாடி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் மேல்நோக்கித் தூக்க வேண்டும். தூக்கியதும் பின்னால் ஸ்பீக்கர் வயர், ஹேண்டில் கம்பி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். உள்ளே கை விடும் முன் கண்ணாடியை மேலே தூக்கி, கதவின் ஃப்ரேமோடு அகல டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் விட்டுப்போயிருந்தால் கண்ணாடி திடீரென்று உள்ளே விழும்.

கேள்வி: ஆறு மாதம் முன்பு கதவுகளில் புது ஸ்பீக்கர் போட்டேன். இப்போது மழை வந்தால் முன் சீட்டுக்குக் கீழே மேட் நனைகிறது. கதவு ரப்பரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், நிற்கவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ரப்பரில் தப்பு இருக்காது. ஸ்பீக்கர் போட்டவர் டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பாலித்தீன் ஷீட்டை வெட்டியிருப்பார், அல்லது கிழித்துவிட்டு அப்படியே பேடை மூடியிருப்பார். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. பேக்கிங் கவர் என்று நினைத்து அதைச் சுருட்டிக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கதவுக்குள் தண்ணீர் போவது தவறு இல்லை, கதவே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்க பீடிங்கால் (ரப்பர் பட்டையால்) மழையை முழுக்கத் தடுக்க முடியாது, கண்ணாடியோடு வழிகிற தண்ணீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக ரோட்டில் சொட்டிவிடும். உள்ளே தெறிக்கும் தண்ணீர் பேடுக்கும் சீட்டுப் பக்கமும் வராமல் தடுப்பது அந்த ஷீட் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் முதலில் ஹார்ட்போர்டு உப்பும், அப்புறம் ஸ்பீக்கர் கெடும், கடைசியில் மேட்டுக்கு அடியில் தேங்கித் தளம் துருப்பிடிக்கும்.

பேடைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை ஏற்றி, வெளியிலிருந்து ஒரு மக்கில் தண்ணீர் ஊற்றச் சொல்லி உள்ளே உட்கார்ந்து பாருங்கள், எங்கே வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். பழைய ஷீட் பாதிக்கு மேல் இருந்தால் கிழிசலை ஒட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் கனமான பாலித்தீனைக் கதவில் வைத்து அளவெடுத்து வெட்டுங்கள். ஒட்டுவதற்குக் கறுப்பு பியூட்டைல் டேப் வாங்குங்கள், அது காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும், மறுபடி கழற்றினாலும் ஒட்டும். செல்லோடேப் அடுத்த வெயிலுக்கே விட்டுவிடும். ஷீட்டின் கீழ் ஓரம் கதவின் உள்பக்கம் செருகி இருக்க வேண்டும், வெளியே தொங்கினால் தண்ணீர் ஷீட் வழியாகவே ஒழுகி மேட்டில் விழும். ஸ்பீக்கரின் பின்பக்கத்துக்கும் மேலே ஒரு சின்னக் கூரை மாதிரி ஷீட்டை மடித்து விடுங்கள். அப்படியே அடி ஓட்டைகளில் சேறு அடைத்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்தி விடுங்கள். கதவைச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் அடைப்பு நிச்சயம்.

கேள்வி: இரண்டு கிளிப் உடைந்துவிட்டது. பசை போட்டு ஒட்டிவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது பேடே போய்விடும். உடைந்த கிளிப்பில் ஒன்றை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், தலையின் அகலமும் தண்டின் தடிமனும் பொருந்த வேண்டும், சில ரூபாய்தான் ஆகும், நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டேஷ் கேம் வயரை முன் கண்ணாடி ஓரத்துத் தூணின் மூடியைக் கழற்றி உள்ளே விட நினைக்கிறேன். காரில் 6 ஏர்பேக். வீட்டிலேயே செய்யலாமா?
– வாசகர், கோவை

பதில்: இதை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். 6 ஏர்பேக் காரில் கூரை ஓரமாக நீளமாக ஒரு திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும், முன் தூண் வரை அது வரும். வயர் அந்தப் பைக்கு முன்னால் குறுக்கே போனால் பை விரியும்போது தடுக்கும், அல்லது வயரும் அதோடு இருக்கும் பொருளும் உங்கள் முகத்தை நோக்கி வரும். வயர் பைக்குப் பின்னால், ஏற்கனவே இருக்கும் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். ஏர்பேக் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் முதலில் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, காரின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டர் எதிலும், கரன்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லைட்டை வைக்க விடாதீர்கள். பை வெடிக்கும்போது மூடி பறந்து வராமல் பிடித்துக்கொள்ள அந்தத் தூண் மூடியின் கிளிப்பில் ஒரு வார் இருக்கும், பல கார்களில் அதை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம், அதனால் புதுக் கிளிப்பை முன்கூட்டியே வாங்கிக் கையில் கொண்டுபோங்கள்.