ஒப்பந்தத்தைக் காட்டி ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள்: எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: மணலி அருகே வாகனங்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், மோல்டிங் பிரிவில் 16 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் 62 பேர் இருக்கிறோம். தடையற்ற வணிக ஒப்பந்தத்தால் தாய்லாந்து, வியட்நாம் சரக்கு வரியில்லாமல் வந்து இறங்குகிறது, அதனால் ஆர்டர் போய்விட்டது என்று நிர்வாகம் சொல்கிறது. எல்லோரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் பி.எஃப்., கிராஜுவிட்டியோடு ஒரு மாதச் சம்பளமும் சேர்த்துத் தருவார்களாம். அவர்கள் சொல்வது உண்மையா? கடிதம் கொடுக்கலாமா?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: கடிதம் கொடுக்காதீர்கள். நிர்வாகம் சொல்லும் காரணம் உண்மையாகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள். காரணம் உண்மையா என்பது ஒரு கேள்வி, அந்தக் காரணத்துக்காக உங்களுக்குச் சேர வேண்டிய பணம் குறையுமா என்பது வேறு கேள்வி. நிர்வாகம் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு உங்கள் முன் வைத்திருக்கிறது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். தாய்லாந்து, வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் நாம் செய்துகொண்ட சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி வரிகள் ஒரே நாளில் நீங்கவில்லை. பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்தன. எந்தப் பொருளுக்கு எவ்வளவு சலுகை என்பது அந்தப் பொருளின் எட்டு இலக்க சுங்க எண்ணைப் பொறுத்தது. வாகனத்துக்குப் போகும் ரப்பர் பொருள்கள் பலவும் 4016 என்று தொடங்கும் எண்களில் வரும். சில பாகங்கள் 8708-இல் வரும். உங்கள் சரக்கின் எண்ணைத் தெரிந்துகொள்ள நிர்வாகத்தைக் கேட்க வேண்டியதில்லை. டெஸ்பாட்ச் பிரிவில் இன்வாய்ஸிலும் இ-வே பில்லிலும் ஹெச்.எஸ்.என். என்ற பெயரில் அதன் முதல் இலக்கங்களாவது அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு இறக்குமதி ஆகியிருக்கிறது என்பதை ஆண்டுவாரியாக மத்திய வணிக அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

பார்க்கும்போது காலத்தைக் கவனியுங்கள். சலுகை கிடைத்துப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆன ஒரு பொருளின் ஆர்டர் இந்த ஆண்டு திடீரென நின்றதென்றால், ஒப்பந்தம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. மின்சார வண்டிக்கு எஞ்சின் கேஸ்கெட்டும் எரிபொருள் குழாயும் தேவையில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கும் வாகனத் தொழிற்சாலைகள், தங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சப்ளையரை விரும்புவது இன்னொன்றாக இருக்கலாம். வடசென்னையில் ஓர் ஆலை மூடினால் அன்றைக்குப் பேச்சில் இருக்கும் காரணத்தை அதன்மேல் ஒட்டிவிடுவது நமக்குப் பழகிப்போய்விட்டது.

ஆனாலும் நிர்வாகத்தின் புகாரில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். ரப்பர் தொழிலில் உண்மையான ஒரு கோணல் இருக்கிறது. ஆசியான் ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பர் சலுகை இல்லாத பட்டியலில் வைக்கப்பட்டது. அதன்மீது 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அந்த இறக்குமதி வரி உண்டு. ரசாயனங்கள் கலந்த கூட்டு ரப்பருக்கான பொது வரியும் 2023 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து இதே அளவுக்கு உயர்ந்தது. அதே ரப்பரால் செய்து முடித்த பொருளோ சலுகை வரியில் உள்ளே வருகிறது. மூலப்பொருளுக்கு வரி கட்டும் மணலிப் பட்டறை, வரி கட்டாத மூலப்பொருளில் செய்து வரும் சரக்கோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. வரியை நீக்கிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதை நம்பித்தான் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் விவசாயி மரம் சீவுகிறார். ஒரே மாநிலத்தில், ஒரே பாலை நம்பிப் பிழைக்கும் இருவரை ஒப்பந்தத்தின் பட்டியல் இரண்டு பக்கமாகப் பிரித்துவைத்திருக்கிறது.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, ஓராண்டாவது தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். இவை முன்பு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தவைதாம். புதிதாக வந்திருப்பது மறுதிறன் பயிற்சி நிதி: ஆட்குறைப்புக்கு ஆளானவரின் 15 நாள் ஊதியத்துக்குச் சமமான தொகையை நிர்வாகம் அந்த நிதியில் செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளரின் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் மாத ஊதியம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 16 ஆண்டுகளுக்கான இழப்பீடு மட்டும் ஏறத்தாழ 1,44,000 ரூபாய். பயிற்சி நிதியிலிருந்து 9,000 ரூபாய். நிர்வாகம் தாராளமாகத் தருவதுபோல் காட்டும் ஒரு மாதச் சம்பளம், முன்னறிவிப்புக்கு ஈடாக எப்படியும் தர வேண்டியது. கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் நீங்கள் எந்த வழியில் வெளியேறினாலும் உங்களுடையவை. ஆக, அந்த ஒற்றைக் கடிதத்தின் விலை உங்கள் ஒருவருக்கே ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்.

ஆட்குறைப்பு இல்லை, ஆலையையே மூடுகிறோம் என்று நாளை சொல்லக்கூடும். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்பதால் 60 நாளுக்கு முன்பே அரசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இழப்பீடும் உண்டு. தவிர்க்க முடியாத சூழ்நிலையால் மூடினால் மட்டும் இழப்பீட்டுக்கு மூன்று மாத ஊதியம் என்ற உச்சவரம்பு வரும். இந்த இடத்தில்தான் ‘ஒப்பந்தத்தால் நஷ்டம்’ என்ற வாதத்தை நீட்டுவார்கள். பண நெருக்கடி, நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு ஆகியவற்றை மட்டுமே தவிர்க்க முடியாத சூழ்நிலையாகக் கொள்ள முடியாது என்று சட்டமே விளக்கம் எழுதிவைத்திருக்கிறது. இறக்குமதிப் போட்டியால் வரும் கஷ்டம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வந்து முடியும்.

இ.எஸ்.ஐ.யிலும் ஒன்று இருக்கிறது. 2018-இல் தொடங்கிய ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ திட்டத்தில், வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி தினசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை தருவார்கள். ஆனால் தாமாக விரும்பி ஓய்வு பெற்றவருக்கு அது கிடையாது. இந்தத் திட்டத்தை அவ்வப்போது நீட்டித்துத்தான் நடத்துகிறார்கள் என்பதால், உங்கள் கிளை அலுவலகத்தில் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இறக்குமதியால் வேலையிழந்தோருக்கென்றே 1962 முதல் ஒரு தனி உதவித் திட்டம் இருந்தது. 2022 ஜூலை முதல் அதில் புதிய ஆட்களைச் சேர்ப்பது நின்றுபோனது. நம் நாட்டில் அப்படி ஒன்று தொடங்கவே இல்லை. மேலே சொன்ன தொகைதான் உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு.

கடிதம் வேண்டாம் என்பதற்கு உங்கள் பையைத் தாண்டிய காரணமும் உண்டு. இறக்குமதி வெள்ளத்தால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் பாதிப்பு என்று நிறுவினால், ஒப்பந்தம் இருந்தபோதும் பாதுகாப்பு வரி கேட்க வழி இருக்கிறது. டெல்லியில் உள்ள வணிகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் அதை விசாரிக்கும். விசாரணையில் உற்பத்தி, விற்பனை, லாபநஷ்டத்தோடு வேலைவாய்ப்பு எவ்வளவு குறைந்தது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். ஒரு சிறு தொழிற்சாலை தனியாக இதைச் செய்ய இயலாது, தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்துதான் தரவு திரட்ட வேண்டும். 62 பேரும் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஏட்டின்படி மணலியில் இறக்குமதியால் ஒருவர்கூட வேலையிழக்கவில்லை.

ஏட்டில் வராத இழப்பு ஏற்கெனவே நிறைய. ஷிப்ட் முடிந்து வருபவர்களை நம்பியிருக்கும் டீக்கடையும் ஷேர் ஆட்டோவும் மாதச் சீட்டும் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. வேலையிருக்கும் ஊருக்குப் போய்விடலாமே என்பார்கள். 1991-க்குப் பிந்தைய வரிக் குறைப்பை மாவட்டவாரியாக ஆராய்ந்த பொருளாதார அறிஞர் பெட்டியா டோப்பலோவா, அதிகம் பாதிக்கப்பட்ட ஊரக மாவட்டங்களில் வறுமை மெதுவாகவே குறைந்ததையும், மக்கள் ஊர்விட்டு ஊர் பெயராதது அதற்கு ஒரு காரணம் என்பதையும் காட்டினார். பிள்ளைகளின் பள்ளியையும், பாதி அடைத்த வீட்டுக் கடனையும் விட்டுவிட்டு எண்ணூரிலிருந்து ஒரகடத்துக்குக் குடிபோவது என்ன அவ்வளவு எளிதா? ஒப்பந்தங்களால் பெருகிய சரக்கு மட்டும் நம் வாசல் வழியாகத்தான் போகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, கார் ஏற்றுமதியின் வருமானம் வேறெங்கோ சேர்கிறது, புழுதி திருவொற்றியூரில் தங்கிவிடுகிறது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, ராஜினாமாவுக்குப் பதில் இன்னொரு கடிதம் எழுதுவது. “வேலை செய்யத் தயாராக இருக்கிறோம். ஆர்டர் இல்லையென்றால் சட்டப்படி லே-ஆஃப் (தற்காலிகப் பணி நிறுத்தம்) அல்லது ஆட்குறைப்பு அறிவிப்பை எழுத்தில் தரவும்” என்று 62 பேரும் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்குக் கொடுங்கள், நகல் ஒன்றைச் சமரசப் பணி பார்க்கும் தொழிலாளர் உதவி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாங்க மறுத்தாலும் தபால் ரசீது பேசும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். சம்பளச் சீட்டுகளையும் அடையாள அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆட்குறைப்பே நடந்தாலும், ஓராண்டுக்குள் அதே நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால் உங்களுக்குத்தான் முன்னுரிமை. ஆகவே மெஷின்களும் டைகளும் கேட்டைத் தாண்டிப் போவதைக் கண்டால், எந்தத் தேதியில், எந்த வண்டியில், எந்த ஊருக்குப் போயின என்பதைக் குறித்து வையுங்கள்.